அணியத்தில் பொருத்திய ட்ரோலிங் மோட்டார்: முழு வேகத்தில் வலு இல்லை, பிராக்கெட்டும் ஆடுது. உதவி தேவை

கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். என்னோடது 16 அடி அலுமினியப் படகு, வி வடிவ அடி. அணியத்துல, அதாவது படகோட முன்பக்கத்துல, 12 வோல்ட், 55 பவுண்டு உந்துவிசை ட்ரோலிங் மோட்டார் (மீன் பிடிக்கும்போது படகை மெதுவா நகர்த்தற மின்மோட்டார்) போட்டிருக்கேன். மோட்டாரைத் தண்ணிக்குள்ள இறக்கற தண்டு, அதாவது ஷாஃப்ட், 42 அங்குலம். பேட்டரி பின்னாடி, எஞ்சின் பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கு. அங்கேருந்து அணியம் வரைக்கும் 6 சதுர மி.மீ. ஒயர் இழுத்து, 50 ஆம்ப் பிரேக்கர் (கரண்ட் மிஞ்சினா தானா விழுந்து இணைப்பைத் துண்டிக்கறது) வெச்சிருக்கேன்.

தொல்லை இதுதான். பாதி வேகம் வரைக்கும் அருமையா இழுக்குது. முழுசா வெச்சா சத்தம் கூடுதே தவிர வலு ஏறல. கொஞ்ச நேரத்துல பிரேக்கர் விழுந்துடுது. பிளக்கைத் தொட்டா நல்ல சூடு. பேட்டரியில மீட்டர் வெச்சுப் பார்த்தேன், 12.7 வோல்ட் காட்டுது, அதனால பேட்டரி மேல எனக்குச் சந்தேகம் இல்ல.

அடுத்தது பிராக்கெட். நேரா போகும்போது ஒண்ணும் தெரியாது. மோட்டாரைப் பக்கவாட்டுல திருப்பி அணியத்தை இழுக்கும்போது பிராக்கெட் மொத்தமும் சாயுது. டெக் தகட்டுக்கு அடியில கை போக வழியில்லாததால, கார்ப்பெட் மேலேயே வெச்சு, தானா மரை வெட்டி இறங்கற ஸ்க்ரூ போட்டிருக்கு.

அலை கொஞ்சம் எழும்பினா ப்ரொப்பெல்லர் மேல வந்து காத்தைக் குடிச்சு அலறுது. அதுவும் ஒரு பிரச்சினை.

24 வோல்ட் மோட்டாருக்கு மாறிடலாமான்னு யோசிக்கறேன். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

பதில் 1

24 வோல்ட்டுக்கு இப்போ போகாதீங்க நண்பரே. படகு, எஞ்சின், ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 100 பவுண்டு எடைக்கு 2 பவுண்டு உந்துவிசைங்கறது எல்லாரும் போடற கணக்கு. உங்க படகு சுமையோட 700 கிலோன்னு வெச்சாலும் 31 பவுண்டு போதும். உங்ககிட்ட 55 இருக்கு. மோட்டார் சின்னது இல்ல, மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய மின்சாரம்தான் வழியிலேயே கரையுது.

12.7ங்கறது மோட்டார் ஓடாதப்போ எடுத்த அளவு. அதை வெச்சு ஒயரைப் பத்தி ஒரு முடிவுக்கும் வர முடியாது. கரண்ட் ஓடும்போதுதான் ஒயர்ல வோல்ட் இறங்கும். உங்க பேட்டரி அணியத்துலேருந்து 5.5 மீட்டர் தள்ளி இருக்குன்னு வெச்சுக்குவோம். போக வர 11 மீட்டர் செம்பு. 6 சதுர மி.மீ.க்கு அதோட மின்தடை சுமார் 0.032 ஓம். முழு வேகத்துல 45 ஆம்ப் ஓடினா 1.4 வோல்ட் ஒயர்லயே போயிடும். பாதி வேகத்துல 15, 20 ஆம்ப்தான் ஓடும், இழப்பு அரை வோல்ட் சுத்திதான். அதனாலதான் பாதி வேகத்துல உங்களுக்குக் குறையே தெரியல.

இப்படிப் பண்ணிப் பாருங்க. படகை அசையாம கட்டிப் போட்டுட்டு, மோட்டாரைத் தண்ணிக்குள்ள இறக்கி முழு வேகம் வைங்க. தண்ணிக்கு வெளிய சுத்த விட்டா சுமையே இருக்காது, அந்த அளவு எதுக்கும் உதவாது. மோட்டாரை ஒருத்தர் பார்த்துக்கட்டும், நீங்க மீட்டரோட நாலு இடத்துல அளங்க: பேட்டரி முனை, பிரேக்கருக்கு முன்னாடி, பிரேக்கர் தாண்டி, பிளக் தாண்டி மோட்டார் பக்கம். எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல எண் சட்டுனு விழுதோ அங்கதான் கோளாறு.

பிரேக்கர் எங்க இருக்குன்னு நீங்க சொல்லல. அதையும் சொல்லுங்க.

பதில் 2

மின்சாரம் பற்றி மேலே நண்பர் சரியாகச் சொல்லிவிட்டார். நான் பிராக்கெட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் மூன்றில் ஆபத்தானது அதுதான். ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வந்தால் மோட்டாரே தண்ணீருக்குள் போய்விடும்.

நேராகப் போகும்போது ஆடவில்லை, பக்கவாட்டில் திருப்பினால் ஆடுகிறது என்கிறீர்கள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 55 பவுண்டு என்றால் சுமார் 25 கிலோ விசை. அது டெக்குக்கு ஏறக்குறைய 90 செ.மீ. கீழே, ப்ரொப்பெல்லரில் பிறக்கிறது. நேராகப் போகும்போது அந்த நெம்புவிசையைத் தாங்குவது பிராக்கெட்டின் நீளம். முன் ஸ்க்ரூவுக்கும் பின் ஸ்க்ரூவுக்கும் இடையே 30 செ.மீ. இருந்தால், தகட்டைப் பிடுங்கும் இழுவிசை 75 கிலோ. மோட்டாரைப் பக்கவாட்டில் திருப்பியதும் தாங்க வேண்டியது பிராக்கெட்டின் அகலம். அது 10 செ.மீ. என்றால் அதே மோட்டார், அதே வேகம், இழுவிசை மட்டும் 220 கிலோவைத் தாண்டும். மெல்லிய அலுமினியத் தகட்டில் ஸ்க்ரூ பிடித்திருப்பது ஓரிரு மரைதான். அது எத்தனை நாள் தாங்கும்?

கார்ப்பெட் இதை இன்னும் மோசமாக்குகிறது. நீங்கள் எவ்வளவு முடுக்கினாலும் கார்ப்பெட் நாளடைவில் அமுங்கும், ஸ்க்ரூ தானாகத் தளரும். பிராக்கெட் உட்காரும் இடத்தில் மட்டும் கார்ப்பெட்டை அச்சாக வெட்டி எடுத்துவிடுங்கள்.

அடியில் கை போக வழியில்லை என்றால் வழி உண்டாக்குங்கள். டெக்கில் 6 அங்குல வட்ட ஆய்வு மூடி ஒன்று வெட்டிப் பொருத்தினால் போதும். கை உள்ளே போகும், பிற்பாடு ஒயரைப் பார்க்கவும் அதே வழி உதவும். பிறகு 6 மி.மீ. கனமுள்ள அலுமினியப் பட்டையைப் பிராக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி அடியில் வையுங்கள். போல்ட் டெக்கையும் பட்டையையும் ஊடுருவிப் போகட்டும். அதன்மேல் பெரிய வாஷர், நைலான் வளையம் உள்ள லாக் நட்டு. உள்ளே புகுந்து விரியும் ரிவெட் நட்டு, ரப்பர் நட்டு போடலாம் என்று சிலர் சொல்வார்கள். சிறிய மோட்டார், அமைதியான தண்ணீர் என்றால் ஓடும். மோட்டார் ஒரு முறை மூழ்கிய மரக்கட்டையில் மோதினால் அந்த மெல்லிய தகட்டோடு கிழித்துக்கொண்டு வரும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் நேரடியாக அலுமினியத்தைத் தொடக் கூடாது. உப்புத் தண்ணீர் பட்டால் ஓட்டையைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கத் தொடங்கிவிடும். நைலான் வாஷரும் உறையும் போடுங்கள், அல்லது அரிப்புத் தடுப்புப் பசை தடவுங்கள். லாக் நட்டைப் பவர் டூலால் வேகமாக முடுக்காதீர்கள். ஸ்டெயின்லெஸ் மரை சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். மரையில் கொஞ்சம் ஆண்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவி, கையால் ஸ்பேனர் வைத்து முடுக்குங்கள். ஓட்டைகளுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட் நல்லது. சிலிக்கான் அவ்வளவு நன்றாகப் பிடிக்காது, ஒரு முறை பூசிய இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது.

பழைய ஓட்டைகளையே பெரிதாக்கிப் பயன்படுத்த வேண்டாம். புதிய ஓட்டை போடும் முன் மோட்டாரை அந்த இடத்தில் வெறுமனே வைத்து, முழுதாக இறக்கி, முழுதாகத் தூக்கிப் பாருங்கள். இறங்கும்போது படகின் விளிம்பு ரப்பரை உரசாமல் 4 செ.மீ.யாவது இடைவெளி வேண்டும். மடக்கி வைக்கும்போது கயிறு கட்டும் கொம்போ, முன்விளக்கோ, ஹேட்ச் மூடியோ இடிக்கக் கூடாது. துளைத்த பின் கண்டுபிடித்துப் பயனில்லை.

ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: டெக்கின் நடுவில் மரமோ ஃபோமோ இருந்தால், ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து எபாக்ஸியால் அடைத்து, காய்ந்த பின் அந்த எபாக்ஸியின் நடுவில் போல்ட் அளவுக்குத் துளையுங்கள். இல்லையென்றால் தண்ணீர் இறங்கி உள்மரம் மக்கும்.

பதில் 3

ஒயர் மாத்தறதைவிட பேட்டரியையே அணியத்துக்குக் கொண்டு வந்துடுங்க சகோ. ஒயர் ஒரு மீட்டரா சுருங்கிடும், வோல்ட் பிரச்சினையே இருக்காது. முன்பாரம் ஏறினா அணியம் கொஞ்சம் தாழும், ப்ரொப்பெல்லரும் ஆழமா இறங்கும். ஒரே வேலையில ரெண்டு தீர்வு.

பதில் 1

நல்ல யோசனைதான், ஆனா எல்லாப் படகுக்கும் ஒத்து வராது. லெட் ஆசிட் டீப் சைக்கிள் (நீண்ட நேரம் கரண்ட் கொடுத்து நல்லா இறங்கினாலும் தாங்கற) பேட்டரி 100 ஆம்ப்-மணி அளவுக்கு 25லேருந்து 30 கிலோ இருக்கும். மோட்டாரும் அணியத்துல, பேட்டரியும் அணியத்துல, நிக்கற ஆளும் அணியத்துல. எஞ்சின்ல வேகமா போகும்போது மூக்கு எழும்பாம ஒவ்வொரு அலையிலயும் அடி வாங்கும். லித்தியம் அயன் பாஸ்பேட்னா எடை பாதிக்கும் கீழ, அப்போ முன்னாடி வைக்கலாம். எப்படியும் மோட்டாருக்குத் தனி பேட்டரிதான். எஞ்சினை ஸ்டார்ட் பண்ற பேட்டரியைத் தொடவே கூடாது.

கேட்டவர்

ரொம்ப நன்றி. சொன்ன மாதிரியே படகைக் கட்டிப் போட்டு அளந்தேன். பேட்டரியில 12.0. பிரேக்கருக்கு முன்னாடி 10.6. பிரேக்கர் தாண்டி 10.5. பிளக் தாண்டி 10.1. பிரேக்கர் அணியத்துல, பிளக்குக்குப் பக்கத்துல இருக்கு. விழுந்தா கை எட்டற தூரத்துல இருக்கட்டும்னு அங்க வெச்சது.

பேட்டரியை நகர்த்தல, படகுல அதுக்கு இடமும் இல்ல. தண்ணியில, வழக்கமான சுமையோட, டெக்லேருந்து நீர்மட்டம் 22 அங்குலம் வருது.

பதில் 1

எண்களே சொல்லிடுச்சு. ஒயர்ல 1.4 வோல்ட் போகுது. பிளக்ல 0.4. அந்த 0.4ஐச் சின்னதா நினைக்காதீங்க. 45 ஆம்ப்ல அது 18 வாட், முழுக்க அந்தச் சின்ன பிளக்குக்குள்ள சூடா மாறுது. நீங்க தொட்டுப் பார்த்த சூடு அதுதான். பிளக்கைப் பிரிச்சா பித்தளை முனை கறுத்துப் போயிருக்கும், இல்ல ஒயர் ஸ்க்ரூவுக்கு அடியில தளர்ந்திருக்கும். கறுத்திருந்தா சுரண்டிப் பயனில்ல, மாத்துங்க. சூடான பிளக் பக்கத்துலயே பிரேக்கர் இருக்கறதும் ஒரு கேடு. அது சூட்டுல விழற வகை, பக்கத்துச் சூடும் சேர்ந்தா அளவுக்கு முன்னாடியே விழும்.

ஒயர் 16 சதுர மி.மீ. போடுங்க. இழப்பு அரை வோல்ட் சுத்தி வந்துடும். ஈயம் பூசின செம்பு, படகுக்குன்னே செய்யறது. அலுமினியத்துக்கு மேல செம்பு பூசின ஒயர் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வெட்டின முனையைச் சுரண்டினா வெள்ளையா தெரியும், அது வேண்டாம். ஒயர் நுனியில மாட்டற உலோக லக் முனையைச் சரியான கிரிம்ப் கருவியில அழுத்தி, பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு மூடுங்க.

பிரேக்கரைப் பத்தி அழுத்திச் சொல்றேன். அது காக்க வேண்டியது முதல்ல ஒயரை. இப்போ இருக்கற இடத்துல, பேட்டரிலேருந்து அணியம் வரைக்கும் உள்ள ஒயருக்குக் காப்பே இல்ல. நடுவுல எங்கயாவது உரசி அலுமினியத்துல பட்டா பேட்டரியோட மொத்தக் கரண்டும் பாயும், ஒயர் எரியும், பிரேக்கர் விழவே விழாது. அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சில் தரத்துல அடிப்படை அளவு பேட்டரிலேருந்து 7 அங்குலம், அதாவது 18 செ.மீ.க்குள்ள. பேட்டரி முனையிலேருந்தே நேரா எடுத்து, ஒயர் முழுக்க உறைக்குள்ள இருந்தா 72 அங்குலம் வரைக்கும் விடுவாங்க. பின்னாடி கொண்டு போங்க.

இந்த மாதிரி மோட்டாருக்கு 60 ஆம்ப் பிரேக்கர்தான் சரி. ஆனா வரிசை முக்கியம்: முதல்ல ஒயர், அப்புறம் பிரேக்கர். இப்போ இருக்கற மெல்லிசு ஒயர்ல 60 போட்டா பிரேக்கர் பொறுத்துக்கும், ஒயர் பொறுக்காது. ஒயரை மட்டும் மாத்தி 50ஐ விட்டு வெச்சாலும், வோல்ட் முழுசா கிடைச்சதும் மோட்டார் இன்னும் அதிக கரண்ட் இழுக்கும், பிரேக்கர் முன்னைவிடச் சீக்கிரம் விழும்.

பதில் 2

ஷாஃப்ட் பற்றி. டெக்கிலிருந்து நீர்மட்டம் வரை உள்ள அளவோடு 20 அங்குலம் கூட்டுவது வழக்கம், அலையில் ஓட்டுவதென்றால் இன்னும் 5. உங்களுக்கு 22 கூட்டல் 20, சரியாக 42. அமைதியான தண்ணீருக்குப் போதும், அலைக்குப் போதாது. மோட்டார் உருளையின் மேல்பக்கம் நீர்மட்டத்திலிருந்து ஓர் அடி ஆழத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

ஆனால் புது ஷாஃப்ட் வாங்கும் முன் ஆழ வளையத்தைப் பாருங்கள். மோட்டார் எவ்வளவு இறங்க வேண்டும் என்று நிறுத்துவது அதுதான். பலர் தலைப்பகுதி கைக்கு வசதியான உயரத்தில் இருக்கட்டும் என்று ஷாஃப்டை மேலே ஏற்றி முடுக்கி வைத்திருப்பார்கள். தளர்த்தி, தலைப்பகுதி பிராக்கெட்டை நெருங்கும்வரை இறக்கிப் பாருங்கள். கைவசம் இருக்கும் 42 அங்குலமும் முழுதாகப் பயன்படும்.

கேட்டவர்

எல்லாம் முடிச்சுட்டேன். 16 சதுர மி.மீ. ஒயர், புது பிளக், பேட்டரி பக்கத்துலயே 60 ஆம்ப் பிரேக்கர். முழு வேகத்துல மோட்டார் பக்கம் 11.4 காட்டுது. இழுக்கற வலுவே வேற, இதுவரைக்கும் பிரேக்கர் விழல. ஆய்வு மூடி வெட்டி அடியில பட்டை போட்டு முடுக்கினதும் பிராக்கெட் பாறையா நிக்குது. ஆழ வளையம் நிஜமாவே மேல ஏறித்தான் இருந்தது. இறக்கினதும் சின்ன அலையில சத்தம் நின்னுடுச்சு, பெரிய அலையில எப்பவாவது வருது.

ஒண்ணு மட்டும் கேக்கணும். மோட்டார் ஓடும்போது மீன் காட்டும் கருவியோட திரையில செங்குத்தா கோடு கோடா விழுது. முன்னாடி இப்படி இல்ல.

பதில் 1

புது ஒயர் இழுக்கும்போது மீன் காட்டும் கருவியோட சோனார் கேபிளையும் சேர்த்து ஒரே கட்டா கட்டியிருப்பீங்க. பிரிச்சு, ஒண்ணு படகோட இந்தப் பக்கம், இன்னொண்ணு அந்தப் பக்கமா கொண்டு போங்க. கருவிக்கு மின்சாரம் ட்ரோலிங் மோட்டார் பேட்டரியிலேருந்து வேண்டாம், எஞ்சின் பேட்டரிக்கோ தனி சின்ன பேட்டரிக்கோ மாத்துங்க. மின்சாரத்தைத் துடிப்பா வெட்டி வெட்டி வேகத்தைக் குறைக்கற மோட்டார்ல இந்த இரைச்சல் முழு வேகத்தைவிட நடு வேகத்துலதான் அதிகம் வரும், அதனால சோதிக்கும்போது நடு வேகத்துல வெச்சுப் பாருங்க.