அப்பாவின் காது மெஷின் மதியமானால் நின்றுவிடுகிறது

அப்பாவுக்கு 71 வயது, ஊர் தூத்துக்குடி. வலது காதில், காதுக்குப் பின்னால் மாட்டுகிற டிஜிட்டல் மெஷின். 13ஆம் நம்பர் பேட்டரி (ஆரஞ்சு ஸ்டிக்கர்), காதுக்குள் பொருந்துகிற மாதிரி அளவெடுத்துச் செய்த மோல்டு. வாங்கி இரண்டு வருஷம். வாரண்டி போன மாசம்தான் முடிந்தது, சொல்லி வைத்த மாதிரி.

மூன்று வாரமாக ஒரே தொல்லை. காலையில் நன்றாகக் கேட்கிறது. பதினோரு மணிக்கு மேல் மளிகைக்கடையில் வியர்க்க ஆரம்பித்ததும் கரகரவென்று விட்டுவிட்டு வந்து, அப்படியே நின்றுவிடும். கழற்றிப் பார்த்தால் மெஷினையும் மோல்டையும் இணைக்கிற டியூபுக்குள் கடுகளவு நீர்த்துளி. ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து ஈரம் உறிஞ்சுகிற சிலிகா ஜெல் டப்பாவில் வைத்தால் காலையில் உயிர் வந்துவிடும். நேற்று கால் கிலோ பருப்பு கேட்டவருக்கு நாலு கிலோ கட்டிவிட்டார்.

பேட்டரி மாற்றியாச்சு, ஸ்டிக்கரை உரித்து ஐந்து நிமிஷம் காற்றாட விட்டுத்தான் போடுகிறோம். மோல்டைத் தனியாகக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, ரப்பர் பம்பால் ஊதிக் காயவைத்தோம். பழைய டியூப் மஞ்சளாகி விறைத்திருந்தது, அதையும் மாற்றியாச்சு. பேட்டரி தொடுகிற தகட்டில் மட்டும் லேசாகப் பச்சை படிந்திருக்கிறது, அதில் கை வைக்கவில்லை. வாங்கிய கடையில் "புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். செருப்பா, நினைத்தால் மாற்ற?

மெஷின் மேல் மாட்டுகிற வியர்வை உறையை நம்மூர் வெயிலில் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: அது போட்டால் போதுமா, இல்லை முதலில் அந்தத் தகட்டை சர்வீசுக்குக் கொடுத்துத்தான் ஆகணுமா?