புதுப்பிப்பு: 340 புடவைப் படங்களும் ஒருவழியா முடிஞ்சது

அக்கா கடையோட தளத்துக்கு 340 படங்களை மொத்தமா எப்படிச் சின்னதாக்குறதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, முடிச்சாச்சு. இமேஜ்மேஜிக்ங்கிற பட மென்பொருளோட மோக்ரிஃபை கட்டளை தான். அகலம் 1600 பிக்சல், தரம் 82. வேற ஃபோல்டரைக் குறிப்பிடலேன்னா மூலப் படத்து மேலயே எழுதிடும், ஜாக்கிரதை. நல்லவேளை, காப்பி வச்சிருந்தேன்.

முதல் சுற்றுல பாதிப் படம் பக்கவாட்டுல திரும்பிப் படுத்துக்கிச்சு. போன் படத்தைத் திருப்பாம, 'இப்படித் திருப்பிக் காட்டு'ன்னு எக்ஸிஃப்ல (படக் கோப்புக்குள்ளயே இருக்குற தகவல் பகுதி) குறிப்பு மட்டும் எழுதி வைக்குது; கூடுதல் தகவலை நீக்க நான் போட்ட ஸ்ட்ரிப்ங்கிற ஆப்ஷன் அதையும் அழிச்சிடுது. அதுக்கு முன்னாடி, குறிப்புல உள்ளபடி படத்தையே திருப்பிடுற ஆட்டோ-ஓரியன்ட் போட்டதும் நிமிர்ந்துச்சு. நிறத்தை எப்படிக் காட்டணும்னு சொல்ற கலர் ப்ரொஃபைலையும் ஸ்ட்ரிப் தூக்கிடும். அதான் ஐபோன்ல எடுத்த அரக்குச் சிவப்பு வெளிறிப்போச்சு. வலைத்தளங்கள்ல வழக்கமா பயன்படுற எஸ்ஆர்ஜிபி நிற அமைப்புக்கு மாத்திட்டு அப்புறம் ஸ்ட்ரிப் பண்ணினேன். அக்காவுக்குத் திருப்தி. மாம்பழ மஞ்சள்ல மட்டும் இன்னும் சண்டை ஓயல.