மேலே படுத்திருந்தவனுக்கு ஏன் ரவுண்டு கிடைக்கவில்லை?

ஹட்டன் பையன்: ஞாயிறு காலையில் தோட்ட லயத்தில் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்துதான் யூஎஃப்சி கூண்டுச் சண்டை பார்ப்போம். இந்த வாரம் கடைசி ரவுண்டில் ஒருத்தன் எதிராளியைத் தூக்கிப் போட்டு மேலேயே படுத்திருந்தான். ஆனால் ரவுண்டு கீழே கிடந்தவனுக்கு! எப்படி அண்ணே?

பண்டாரவளை அண்ணன்: மேலே இருந்தவன் அடித்தானா தம்பி? சும்மா அமுக்கி வைத்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. எதிராளிக்கு எவ்வளவு சேதம் என்பதுதான் முதல் கணக்கு. கீழே கிடந்தபடியே முழங்கையால் குத்தினாலும், கழுத்தை நெரிக்கப் பார்த்தாலும் அது அவன் கணக்கில்தான் சேரும். அதில் சமமாக இருந்தால்தான் யார் பாய்ந்து போனான் என்று பார்ப்பார்கள். கூண்டின் நடுவைப் பிடித்து நின்றதெல்லாம் கடைசி. வென்றவனுக்கு 10, மற்றவனுக்கு 9. நொறுக்கிவிட்டால் தோற்றவனுக்கு 8.

தலவாக்கலை: விதி சரி. நடுவர்கள் மூன்று பேரும் ஒரே சண்டையையா பார்க்கிறார்கள்? 2020இல் ஜோன் ஜோன்ஸ், டொமினிக் ரெய்ஸ் சண்டையில் ஐந்து ரவுண்டையும் கூட்டி இரண்டு பேர் ஜோன்ஸுக்கு 48-47 போட்டார்கள், மூன்றாமவர் 49-46, அதாவது நாலு ரவுண்டு ஜோன்ஸுக்காம். அந்த 49-46 எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

ஹட்டன் பையன்: இந்த வாரச் சண்டையில் கீழே கிடந்தவனிடமிருந்து முழங்கைக் குத்து நிறைய விழுந்தது உண்மைதான் அண்ணே. மாமாவிடம் பந்தயம் கட்டிய கொத்து ரொட்டி போச்சு.