'தீவிரம்' என்ற ஒரு சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தற்கொலை முயற்சியை மதிப்பிடும் படிவத்தைத் தமிழில் எழுதும்போது 'தீவிரம்' என்ற சொல்லே போதும் என்று நம்மில் சிலர் சொல்லும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஈரோட்டுப் பக்கம் மனநலப் பிரிவொன்றில் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன்: உடலுக்கு நேர்ந்த ஆபத்து எவ்வளவு, அந்த நேரத்தில் அவர் சாவை எவ்வளவு விரும்பினார் என்ற இரு வேறு கேள்விகளை அச்சொல் ஒன்றாக்கிவிடுகிறது.

எங்கள் ஊரில் 'மருந்து குடித்துவிட்டான்' என்றால் காய்ச்சல் மருந்தை யாரும் நினைக்கமாட்டார்கள். ஐந்து நிமிடக் கோபத்தில் தோட்டத்து மருந்தை எடுத்தவர் ஐ.சி.யூ.வில் கிடக்க, பல நாள் யோசித்துச் செய்தவர் மறுநாளே எழுந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. பின்னவருடைய தாளில் 'தீவிரமில்லை' என்று எழுதிவிட்டால், அதைப் பார்க்கும் அடுத்த மருத்துவர் அவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எனக்கு அச்சம் அங்கேதான். முயன்றவர் சாவை எவ்வளவு விரும்பினார் என்பதை அளக்க, அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் குழுவினர் 1974-இல் வெளியிட்ட அளவுகோலில் 15 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 30 மதிப்பெண். அதில் உடல் பாதிப்புக்கு மதிப்பெண்ணே கிடையாது. செய்த செயல் எவ்வளவு ஆபத்தானது என்று நோயாளி நம்பினார் என்பதைத்தான் அது கேட்கிறது.

உடல் சார்ந்ததற்கு 'உயிராபத்தளவு' என்பதில் பெரிய பிணக்கு இராது. மனம் சார்ந்ததற்குத்தான் சிக்கல். 'எண்ணம்' ஏற்கெனவே 'தற்கொலை எண்ணம்' என்று வேறு பொருளில் நிலைத்துவிட்டது. 'துணிவு' புகழ்ச்சியாக ஒலிக்கும், வேண்டவே வேண்டாம். 'நோக்கம்' என்றதும் முதல் தகவல் அறிக்கைதான் நினைவுக்கு வருகிறது. வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொன்ன பிறகு, காவல் நிலையத்து வாடையை நாமே ஏன் படிவத்துக்குள் கொண்டுவர வேண்டும்?

நான் முன்வைப்பது 'இறப்புநாட்டம்'. எங்கள் செவிலியர் அக்கா கட்டிலோரம் அமர்ந்து, "அப்போ சாவோணும்னு இருந்துச்சா, வேண்டாம்னு இருந்துச்சா கண்ணு?" என்று கேட்பார். "ரெண்டுந்தானுங்க்கா" என்று ஒரு பெண் சொன்னார். நோக்கம் என்றால் உண்டா இல்லையா என்றுதான் எழுத முடியும். நாட்டம் கூடும், குறையும், இரு பக்கமும் இழுக்கும். சாக விரும்பவில்லை என்றால் 0, விரும்பினார் என்றால் 2 என்ற அளவுகோலில், அந்தப் பதிலுக்கு 1 என்று தயங்காமல் குறிக்கலாம். நாட்டம் என்பது இசையிலும் படிப்பிலும் கொள்ளும் விருப்பத்தைக் குறிக்கும் மென்மையான சொல் என்று ஒரு நண்பர் கூறியது சரியே; 'இறப்பு' முன்னால் நிற்கும்போது அந்த மென்மை பெரிதாக உறுத்தவில்லை என்பது என் துணிபு.

மருத்துவம் பார்த்தால் உயிர் மிஞ்சும் என்று நோயாளி நினைத்தாரா என்ற வினா ஒன்றும் அதே அளவுகோலில் உள்ளது. அதற்குப் 'பிழைப்புவாய்ப்பு' என்று எழுதிக் காட்டினேன். "பிழைப்புன்னா இங்க தறியோட்டறதுங்க" என்று அக்கா சிரித்துவிட்டார். அதற்கு மட்டும் நல்ல சொல் ஒன்று தேவைப்படுகிறது.