லிப்போ பற்றரி, தின்னர், வீட்டுக் காப்புறுதி: எங்கள் தொடர்மாடியில் நடந்தது

வெள்ளவத்தையிலிருந்து:

என் தம்பி ரிமோட் விமானம் பறக்கவிடுபவன். ஒரு அறை முழுக்க லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றரி, சார்ஜர், பசை, பெயின்ட், தின்னர். போன வருஷம் எங்களுக்குக் கீழ்வீட்டில் இதே மாதிரிப் பற்றரி ஒன்று சார்ஜில் இருந்தபோது தீப்பற்றியது. 110 இற்கு அடித்ததும் தீயணைப்புப் படை வந்தது, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அறைதான் மிஞ்சவில்லை.

பிறகு காப்புறுதிக் கம்பனியின் சார்பில் இழப்பு மதிப்பீட்டாளர் வந்தார். நெருப்பு எங்கே தொடங்கியது என்பதோடு அவர் நிற்கவில்லை. எத்தனை பற்றரி, எத்தனை சார்ஜர், இது பொழுதுபோக்கா, காசுக்குத் திருத்திக் கொடுப்பதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த வீட்டுப் பையன் கூட்டாளிகளின் ட்ரோன்களைத் திருத்திக் கொடுத்து ஏதோ கொஞ்சம் வாங்கியிருக்கிறான். காப்புறுதி எடுக்கும்போது நிரப்பிய முன்மொழிவுப் படிவத்திலோ வெறும் வசிப்பிடம் என்றுதான் இருந்தது. கிளெய்ம் மாதக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் மறுத்துக் கடிதம் வந்தது. அந்த அம்மா படிக்கட்டில் நின்று அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

கம்பனி கேட்கவில்லையே என்று பலர் சொல்கிறார்கள். தீக்காப்புறுதியில் அது செல்லாது. அபாயத்தைக் கூட்டக்கூடிய விஷயம் நமக்குத் தெரிந்தால் கேட்காமலே சொல்ல வேண்டும். லிப்போ பற்றரி சந்தேகமில்லாமல் அப்படிப்பட்ட விஷயம். பற்றரிக்குள் இருக்கும் ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டிச் சார்ஜ் ஏறினாலோ, விழுந்து உள்ளே நசுங்கினாலோ தன் சூட்டிலேயே மேலும் சூடாகி எரியக்கூடும். வெளியேறும் வாயுவும் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் தின்னர் டின் இருந்தால் சொல்லத் தேவையில்லை.

எங்கள் முகவர், "அண்ணா, இதெல்லாம் எழுதத் தேவையில்லை, பிரீமியம்தான் கூடும்" என்றார். நான் கேட்கவில்லை. அறையின் படங்களோடு கம்பனிக்கே நேரடியாக மின்னஞ்சல் போட்டேன். பிரீமியம் கொஞ்சம் கூடியது உண்மை. ஆனால் பற்றரி வைத்திருப்பது பொலிஸியோடு இணைப்பாக எழுத்தில் வந்துவிட்டது. ஆளில்லாத நேரம் சார்ஜ் போடக்கூடாது, தின்னர் வேறு இடத்தில் இருக்க வேண்டும், அறையில் தீயணைப்பான் வேண்டும் என்பவை நிபந்தனைகள். இப்போது தம்பி பறக்கவிடாத நாட்களில் செல்லை 3.8 வோல்ட் அளவில் வைக்கிறான். ஊதிப்போன பற்றரியை ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருப்பதில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

எங்களுக்குப் பற்றரி இல்லை, மாமாவின் மரக்கடைச்சல் வேலைதான். வார்னிஷும் தின்னரும் பின் அறையில். நெருப்பு வந்தது சமையலறை வயரிங்கால், அந்த அறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்படியிருந்தும் முதல் கடிதத்தில் வார்னிஷ் டின்களைக் காட்டித்தான் மறுத்தார்கள். பொலிஸி புதுப்பித்தபோது மாமா அவற்றைக் குறிப்பிட்டு அனுப்பிய மின்னஞ்சல் இருந்தது. அதைக் காட்டி, நெருப்பின் காரணத்தையும் எழுதி மேன்முறையீடு செய்தோம். தந்தார்கள், கேட்டதில் ஒரு பகுதி குறைத்து.

கம்பனியோடு முடியாவிட்டால் இப்படியான தகராறுகளை விசாரிக்கும் காப்புறுதி குறைகேள் அதிகாரியிடம் போகலாம். ஆனால் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். அதனால் மறுப்புக் கடிதம், உறை, மின்னஞ்சல் ஒன்றையும் எறியாதீர்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள்: கட்டடத்துக்கான காப்புறுதியை வீட்டு உரிமையாளர்கள் அங்கமாக இருக்கும் முகாமைக் கூட்டுத்தாபனம் எடுக்கிறது, உங்கள் வீட்டுச் சாமானுக்கு அது பொறுப்பல்ல.