ஸ்விஃப்ட் பெட்ரோல்: ஸ்பார்க் ப்ளக்கில் ஆயில் இருந்தால் எஞ்சினை இறக்கணுமா?

கோவை_ஸ்விஃப்ட்:
வணக்கம். 2013 ஸ்விஃப்ட் பெட்ரோல், 78,000 கி.மீ. காலையில் ஐட்லிங்கில் குலுங்குகிறது, மேடு ஏறும்போது மிஸ்ஸிங். ஸ்கேனரில் பி0302 வந்தது, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். பட்டறையில் இரண்டாவது ப்ளக்கைக் கழற்றிப் பார்த்து, "ஆயில் ஒட்டியிருக்கு, பிஸ்டன் ரிங் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்கிறார்கள். புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை. நம்பலாமா?

நெடுஞ்சாலைக்காரன்:
நாலு ப்ளக்கையும் புதுசா மாத்திடுங்க, வேலை முடிஞ்சது.

பழைய_ஸ்பேனர்:
தம்பி, மாற்றுவது அப்புறம். அந்த ஆயில் ப்ளக்கின் எந்தப் பக்கம் இருந்தது? நுனியில் ஈரமான கரியாகப் படிந்திருந்தால் உள்ளேயிருந்து வந்தது; ரிங், வால்வு சீல் என்று சந்தேகப்படலாம். மேலே வெள்ளைப் பீங்கானிலும் ஸ்பேனர் பிடிக்கும் இடத்திலும் இருந்தால், எஞ்சினின் மேல்மூடியான டாப்பெட் கவரில் ப்ளக் குழியைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் ஒழுகுகிறது. கவரைக் கழற்றி பேக்கிங் மாற்றினால் போதும். இதற்குப் போய் எஞ்சினை இறக்குவார்களா!

குழியில் ஆயில் நின்றால், ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலின் ரப்பர் ஊறிப்போகும். பிறகு மின்சாரம் நுனிக்குப் போகாமல் பீங்கானின் வெளிப்பக்கமாகவே பாடிக்குத் தாவும். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், நீளவாக்கில் பென்சிலால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். தெரிந்தால் அந்த ப்ளக்கைத் தூக்கிப் போடுங்கள், காயில் ரப்பரையும் பாருங்கள்.

நுனி இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ரொம்பக் கிட்டத்து ஓட்டம். சுண்ணாம்பு வெள்ளையாகக் கொப்புளம் விட்டிருந்தால் அதிகச் சூடு.

சந்தேகம் தீர இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாட்டி ஓட்டுங்கள். ஸ்கேனர் எண் பி0303 ஆக, அதாவது மூன்றாவது சிலிண்டருக்கு மாறினால் காயில்தான். மாறாவிட்டால் ப்ளக்கை இடம் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது திருடன் என்று தெரியாது.

நெடுஞ்சாலைக்காரன்:
அண்ணா, ப்ளக்கை வெளியே எடுத்து எஞ்சின் பாடியில் வைத்து செல்ஃப் அடித்தால் தீப்பொறி தெரியுமே?

பழைய_ஸ்பேனர்:
தெரியும். ஆனால் திறந்த காற்றில் பொறி சுலபமாக வரும், சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அதே ப்ளக் படுத்துவிடும். வராவிட்டால் கோளாறு உறுதி. வந்தால் ப்ளக் சரி என்று சொல்ல முடியாது. பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றாமல் இதைச் செய்யாதீர்கள், பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கும்.

கோவை_ஸ்விஃப்ட்:
ஆயில் மேலேதான் அண்ணா! நுனி காய்ந்து பழுப்பாக இருக்கிறது. கறுப்புக் கோடும் இருக்கிறது. மற்ற மூன்றிலும் பீங்கான் உலோகத்தோடு சேரும் இடத்தில் பழுப்பு வளையம் தெரிகிறது. கேஸ் லீக்கா?

பழைய_ஸ்பேனர்:
இல்லை. உயர் மின்னழுத்தம் காற்றிலிருக்கும் ஆயில் தூசியை இழுத்துப் படிய வைத்த கறை, ஒன்றும் செய்யாது. முதலில் சீல், பிறகு புது ப்ளக். என்ஜிகே கம்பெனி ப்ளக் என்றால் எண்ணின் கடைசியில் -10 இருந்தால் கேப், அதாவது நுனியில் பொறி தாவும் இடைவெளி, 1.0 மி.மீ., -11 என்றால் 1.1. எஞ்சின் ஆறிய பிறகு, குழியில் நிற்கும் ஆயிலைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டுக் கழற்றுங்கள். புதுசைக் கையாலேயே கடைசிவரை மரை ஏற்றி, உட்கார்ந்ததும் ஸ்பேனரில் அரைச் சுற்று. சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போனால் செலவு வேறு மாதிரி.