கிரேனியோசினோஸ்டோசிஸ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, குழந்தைகளின் மண்டையோடு, முக அறுவை சிகிச்சை பற்றிப் பெற்றோருக்கு ஒரு கையேடு. வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சூச்சர் என்ற இணைப்புக்கோடு, காலத்துக்கு முன்பே ஒட்டிவிடும் நோய்தான் கிரேனியோசினோஸ்டோசிஸ். அதற்குத் தமிழில் என்ன பெயர்? அகராதி சூச்சருக்குத் 'தையல்' என்கிறது. 'தையலை வெட்டி எடுப்பார்கள்' என்று ஒரே பக்கத்தில் இருமுறை வருகிறது. ஒன்று எலும்பு, இன்னொன்று நூல்!

தமிழாசிரியர்:
சொல் கையிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தில் புணரியல் என்றே ஓர் இயல் உண்டே. 'மண்டையோட்டு முற்புணர்ச்சி' என்க. கபாலம் மட்டும் வேண்டாம்.

மருத்துவர்:
ஐயா, கைக்குழந்தையோடு வரும் தாய் 'முற்புணர்ச்சி' என்று படித்தால் கையேட்டை மூடிவிடுவார். நோயைச் சொல்கிறேன்: ஒட்டிய கோட்டுக்குக் குறுக்கே மண்டை விரியாது, மூளையோ வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் தலை வேறு பக்கம் நீளும். 1851இலேயே ஜெர்மன் மருத்துவர் விர்ஹோ சொன்னது. உச்சி நடுக்கோடு ஒட்டினால் தலை படகுபோல் நீளும். எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்று. ஏபர்ட், குரூசான் என்ற பிறவி நோய்க்குறிகளில் நடுமுகமும் உள்வாங்கியிருக்கும். அதை நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வீதம் முன்னே இழுப்போம். அந்த 'டிஸ்ட்ராக்ஷ'னை யாரோ 'கவனச்சிதறல்' என்று பெயர்த்ததை ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

சொல்லாய்வர்:
'மூட்டுவாய்' எப்படி? கைலி மூட்டுகிறோம், தையலும் சேர்ப்பும் ஒரே சொல்லில். சூச்சரின் லத்தீன் மூலமும் தைத்தல்தான். தைவரல், அதாவது தடவுதல், என்றொரு சங்கச் சொல்லும்…

மருத்துவர்:
மூட்டு என்றால் முழங்கால் வலிதான் நினைவுக்கு வரும்.

சொல்லாய்வர்:
உடற்கூற்றியலில் சூச்சரும் ஒரு மூட்டுவகைதானே, டாக்டர்?

மருத்துவர்:
ஆம். அசையாத நார்மூட்டு. ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:
தைவரலை அடுத்த வாரம் பார்க்கலாம். தையலும் மூட்டும் ஒத்துவராததால் சூச்சருக்குப் 'பொருத்து' என்றே வைக்கிறேன். 'மண்டையோட்டுப் பொருத்து முன்மூடல்' என்று எழுதி, பக்கத்தில் கிரேனியோசினோஸ்டோசிஸ் என்றும் போட்டுவிட்டேன். டாக்டர் நாளை எந்தச் சொல்லைச் சொல்வாரோ அதுவும் தாயின் கண்ணில் பட வேண்டுமே.

தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்க. உச்சிக்குழியும் மூடத்தான் செய்யும், அது இயல்பு. நோய்க்கும் 'மூடல்' என்றால் குழி மூடிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். ஒட்டல்தான் சரி. 'முன்னொட்டு' என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், இலக்கணத்தில் அது வேறு.